பின் சீட்டுக்காரர் கியெமும் ஒரு கெண்டை மீனும்

ஹனோய் நகரில் நடக்கத் தெரியாத குழந்தையை ஒருவரும் குறை சொல்வதில்லை. காலம் வந்தால் நடக்கும் என்பார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாத ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்லிச் சமாளிக்க வழியில்லை. சுண்ணாம்புச் சந்தில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் கியெம். தொழில், மோட்டார் சைக்கிள்களுக்குச் சீட்டு தைப்பது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. "பாடை கட்டுறவன் செத்துப் பாத்துட்டா கட்டுறான்?" என்று கியெமே கேட்பார். கேட்டுவிட்டு ஊசியை மறுபடி ரெக்சினில் இறக்குவார். பதினெட்டு வருஷத்தில் அந்த வட்டாரத்தில் அவர் கைபடாத சீட்டு இல்லை. அதிலும் சீட்டின் பின்பாதி இருக்கிறதே, அது அவருடைய தனிப் புகழ். பின்னால் உட்காருகிறவருக்கு முதுகு எங்கே வலிக்கும், பள்ளத்தில் எந்த எலும்பு முதலில் அடிபடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காரணம், கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி லுவா வண்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகிற பதவி அவருடையது.

முன்பாதியைப் பற்றித்தான் அவ்வப்போது புகார் வரும். பிரேக் பிடித்தால் வழுக்கிக்கொண்டு முன்னால் போகிறது என்பார்கள். கியெம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புகார் சொன்னவரின் இடுப்பை ஒரு வைத்தியரைப்போல் பார்ப்பார். "உக்கார்ற முறை ஒண்ணு இருக்கு தம்பி. அது தெரியலன்னா சீட்டு என்ன பண்ணும்?" என்பார். சந்து முனையில் ஐஸ் டீ விற்கும் தாம் அக்கா மட்டும் பத்து வருஷமாக விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடுப்பிலும் கோளாறு என்று கியெம் தீர்ப்பு எழுதிவிட்டார்.

அவருடைய பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாவது வயதில் நண்பன் வண்டியில் ஏறினார். நிறுத்துவதற்காகத் திருகியது எதுவோ அது ஆக்சிலேட்டராக இருந்தது. வண்டி நேராக ஒரு நூடுல்ஸ் கடைக்குள் புகுந்து, எலும்பு ரசம் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கடைக்காரர் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், "ஒரு கிண்ணமா, ரெண்டா?" என்று கேட்டாராம். கியெம் அன்றோடு வண்டியைத் துறந்தார்.

ஆனால் நடையில் அவரை வெல்ல ஆளில்லை. எட்டு வரிசையாக வண்டிகள் சீறுகிற சாலையை, இரண்டு கையிலும் இரண்டு நூடுல்ஸ் கிண்ணம் ஏந்தி, தலை நிமிராமல் கடப்பார். ஒரே வேகம். நிற்பதில்லை, ஓடுவதில்லை, பின்வாங்குவதில்லை. தண்ணீர் பாறையைச் சுற்றிப் போகிற மாதிரி வண்டிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போகும். சாலையோரத்தில் அரை மணி நேரமாகக் கதிகலங்கி நிற்கும் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள், அவரைக் கண்டதும் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு தாய்வாத்தின் பின்னால் குஞ்சுகள் போல வரிசையாகக் கடந்துவிடுவார்கள். இந்த மனிதர் வண்டியில் ஏறினால் மட்டும் ஏன் நடுங்குகிறார் என்பது சந்தில் பல வருஷமாகத் தீராத ஆராய்ச்சி.

இலையுதிர்காலத்தில் லுவாவுக்குத் தோள்பட்டை வலி வந்தது. "இனி நீங்களும் கொஞ்சம் ஓட்டுங்க, சென் அப்பா" என்றாள். சென் அவர்களுடைய ஒரே மகள். ஹைஃபாங் நகரத்தில் வேலை. வலியை முன்னிட்டு வந்த கட்டளையாதலால் கியெம் உரிமத் தேர்வுக்குப் போனார். தரையில் வரைந்த எட்டுக்குள் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் தடவை எட்டு நான்கானது. இரண்டாம் தடவை எட்டு என்ற எண்ணுக்கே அவர் போகவில்லை, வேலிப்பக்கம் போய்விட்டார். மூன்றாம் தடவை காலை ஊன்றினார், ஊன்றிய இடத்தில் தேர்வாளரின் கால் இருந்தது. நான்காம் தடவை தேறினார். அந்த மைதானத்தில் எதிரே ஒரு வண்டியும் வராது என்பதையும் இங்கே பதிவு செய்துவிட வேண்டும்.

உரிமம் கைக்கு வந்தபிறகுதான் கியெமின் வாழ்வில் இருண்ட காலம் தொடங்கியது. தினமும் சாயங்காலம் பழகப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஹெல்மெட் மாட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டே தாம் அக்காவின் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவார். ஒரு மணி நேரம் டீ, சூரியகாந்தி விதை, உலக விவகாரம். பிறகு சாக்கடையோரச் சேற்றைக் கொஞ்சம் சக்கரத்தில் பூசுவார். சந்து முனையில் எஞ்சினை முடுக்கி, முதல் கியரில் உருளவிட்டு, பக்கத்தில் தானும் நடந்து வருவார். சத்தம் மட்டும் வீடு வரைக்கும் ஜோராக ஓட்டிக்கொண்டு வரும்.

"இன்னிக்கு எதுவரைக்கும்?" என்று லுவா கேட்பாள்.

"மேற்கு ஏரி வரைக்கும். காத்து நல்லாருந்துது."

இப்படியே இரண்டு மாதம். தேதி இருபத்துமூன்று வந்தது.

சந்திரக் கணக்கில் வருஷக் கடைசி மாதத்து இருபத்துமூன்றாம் தேதி சாதாரண நாள் இல்லை. வீட்டு அடுப்பைக் காக்கும் சாமிகள் மூவர், இரண்டு ஆண், ஒரு பெண், அன்று உச்சிப்பொழுதுக்குள் கெண்டை மீன் மேல் ஏறி மேலுலகம் போக வேண்டும். அந்த வீட்டில் வருஷம் முழுக்க நடந்ததை மேலிடத்தில் ஒப்பிக்க வேண்டும். மூன்று பேர் ஒரே வாகனத்தில். நல்லவேளையாக அந்த வழித்தடத்தில் போக்குவரத்துப் போலீஸ் கிடையாது. வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: படையல் வைத்துக் கும்பிட்டு, உயிருள்ள மீனை நீரில் விட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மேல் மேலே கதவு சாத்திவிடுவார்கள்.

போன வருஷம் இந்த மீனை மடியில் வைத்துக்கொண்டு கியெம் பின்னால் உட்கார்ந்து போனார். வழியில் ஒரு பள்ளம். பயத்தில் மனைவியை இறுகக் கட்டிக்கொண்டார். இருவருக்கும் நடுவே இருந்த மீன் அங்கேயே பரலோகம் சேர்ந்தது, சாமி இல்லாமல். அதற்குப் பிறகு கூரை ஒழுகியது, லுவாவின் தோள் வலித்தது, சென்னின் கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போனது. எல்லாவற்றுக்கும் லுவாவிடம் ஒரே விளக்கம்தான் இருந்தது. சாமி போய்ச் சேரவில்லை, மேலே நம் வீட்டுப் பேரே யாருக்கும் தெரியாது. புது வருஷம் பிறந்ததும் மூன்றாவது முறையாகக் கல்யாணத் தேதி குறித்திருக்கிறார்கள். இந்த மீன் உயிரோடு போய்ச் சேர வேண்டும்.

அன்று காலை பத்து மணிக்கு, ஒட்டரிசிச் சோறும் கோழியும் படைத்து முடித்தபிறகு, சாமி மாடத்தைத் துடைக்க ஸ்டூலில் ஏறிய லுவா சறுக்கி விழுந்தாள். கணுக்கால் பப்பாளிப் பழம் போல வீங்கியது. தரையில் உட்கார்ந்தபடியே சாவியை எடுத்து நீட்டினாள்.

"நீங்க போயிட்டு வந்துடுங்க. ரெண்டு மாசமா மேற்கு ஏரி வரைக்கும் போறவருக்கு ஆத்தங்கரை என்ன, பக்கம்தான."

கியெம் சாவியைப் பார்த்தார். பக்கத்து ஏரியைத் தூர்வார வற்ற வைத்திருந்தார்கள், இல்லாவிட்டால் நடந்தே போயிருப்பார். ஆற்றங்கரைக்கு நடந்தால் பன்னிரண்டு தாண்டிவிடும். வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் அத்தனை பேரும் காலையிலிருந்து புது வருஷ அலங்காரத்துக்கான பீச் மரக் கிளைகளையும், குட்டி ஆரஞ்சு காய்க்கும் கும்குவாட் மரத் தொட்டிகளையும் ஏற்றிக்கொண்டு பறக்கிறார்கள், மனிதரை ஏற்ற இடமில்லை. நீர் சொட்டும் பையோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் தங்கள் தங்கள் சாமியை வழியனுப்பப் போய்விட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாயைத் திறந்தார். மாடத்தைப் பார்த்தார். அங்கே இருந்த மூவருக்கும் சூரியகாந்தி விதை சமாச்சாரம் முழுக்கத் தெரியும். இன்னும் இரண்டு மணி நேரத்தில் போய் ஒப்பிக்கப் போகிறார்கள். மீன் போகாவிட்டால் அந்தச் செய்தியும் போகாது என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த நொடியே சென்னின் முகமும் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"சரி சென் அம்மா" என்றார்.

வாசலில் வண்டி நின்றது. முன்சீட்டின் மேல் லுவா எப்போதும் போட்டு உட்காரும் மடித்த துண்டு கிடந்தது. வெயிலுக்காகப் போடுகிறாள் என்று பல வருஷமாக அவர் நினைத்திருந்தார். இந்தக் குளிரில் அது எதற்கு என்று உருவி வண்டியின் பக்கப் பெட்டிக்குள் வைத்தார். மீன் இருந்த பிளாஸ்டிக் பையைக் கைப்பிடியில் மாட்டினார். சந்து முனைவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக.

தாம் அக்கா அவரைப் பார்த்ததும் வழக்கமான ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இன்னிக்கு இல்லக்கா" என்றார் கியெம். "இன்னிக்கு நெஜமாவே போறேன்."

தாம் அக்கா கையிலிருந்த கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அது அவள் காட்டக்கூடிய அதிகபட்ச மரியாதை. "மீனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

கியெம் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. பத்து வயதுப் பெண் ஒருத்தி சைக்கிளில் அவரை முந்திக்கொண்டு போனாள், அதைப் பற்றி நமக்கென்ன. முதல் பிரேக்கிலேயே அவர் இடுப்பு வழுக்கி முன்னால் போய், வயிறு கைப்பிடிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. உட்காரும் முறை சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அடுத்த பிரேக்கில் மறுபடி கம்பி. மூன்றாவது தடவை அவருக்குள் ஏதோ இடறியது. எதிரே லாரி வந்ததால் அந்த எண்ணத்தை அப்படியே ஒத்திவைத்தார்.

ஆற்றங்கரைக்குப் போக முதல் சந்திப்பில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். எல்லோரும் வலப்பக்கமாக ஓட்டுகிற நாட்டில் இடப்பக்கம் திரும்புவதென்றால், எதிரே வரும் வெள்ளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது. அந்த வெள்ளத்தில் அன்று மனிதர்கள் மட்டுமா? ஆளுயர மரங்கள் வந்தன. கூண்டோடு கோழிகள் வந்தன. கைப்பிடிக்குக் கைப்பிடி மீன்கள் தொங்கி வந்தன. கியெம் இடது விளக்கைப் போட்டார். விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அவர் நேராகப் போய்க்கொண்டே இருந்தார். அடுத்த சந்திப்பிலும் அப்படியே. மூன்றாவதில் விளக்குக்கே நம்பிக்கை போயிருக்கும். சாலை வளைந்து மேலே ஏறியது. இருபுறமும் இரும்புச் சட்டங்கள் எழும்பின. லாங் பியென் பாலம்.

பாலத்தில் பாதை ஒடுக்கம். கீழே செந்நதி, நடுவே ரயில் தண்டவாளம். ஏறிவிட்டால் அக்கரைதான், திரும்ப முடியாது. கைப்பிடிச் சுவரோரம் ஜனங்கள் வண்டியை நிறுத்தி, வாளியில் மீனை வைத்துக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கியெமுக்கு வேண்டியதும் அதுதான். நிறுத்த வேண்டும், அவ்வளவே. ஆனால் பின்னால் ஆயிரம் வண்டி. தான் நின்றால் ஹனோய் நின்றுவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். ஊருக்காகத் தியாகம் செய்து போய்க்கொண்டே இருந்தார். நடுப்பாலத்தில் ரயில் வந்தது. பாலம் நடுங்கியது, கியெம் நடுங்கினார், எது எதன் நடுக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தத் தடுமாற்றத்தில் பக்கத்தில் போனவரின் கும்குவாட் தொட்டிக் கம்பி பையில் உரசியது.

அக்கரையில் இறங்கியபோது மணி பதினொன்று இருபது. பாதி நீர் ஒழுகியிருந்தது. மீன் பக்கவாட்டில் படுத்து, வாயைத் திறந்து திறந்து மூடியது.

அப்போதுதான் கியெம் நின்றார். யோசிக்கவில்லை, பயப்படக்கூட நேரமில்லை, ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஹனோய் நிற்கவில்லை. இதில் அவருக்குச் சிறிது ஏமாற்றம்கூட.

அங்கே டீக்கடை வைத்திருந்த பெண் பையைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். புதுப் பை ஒன்றை எடுத்து, கோப்பை கழுவும் தொட்டியிலிருந்து நீர் மொண்டு ஊற்றி, மீனை அதற்குள் நழுவவிட்டாள். மீன் கொஞ்சம் யோசித்துவிட்டு நிமிர்ந்தது.

"சீக்கிரம் போங்க சித்தப்பா. இந்தக் கரையில ஆத்துக்கு எறங்க வழியில்ல. பாலத்துல ஏறி, நடுவுல நின்னு விட்டுடுங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் ஏறணும்."

கியெம் சாலையைப் பார்த்தார். ஏழு வரிசை. "அந்தப் பக்கம் எப்படிம்மா போறது?"

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. சூரியன் எப்படிக் கிழக்கே வருகிறது என்று கேட்ட மாதிரி விழித்தாள். "எப்படின்னா? போனா போயிடும்."

கியெம் வண்டியில் ஏறவில்லை. எஞ்சினை உறுமவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சாலைக்குள் நடந்து இறங்கினார். நடப்பது அவர் ராஜ்ஜியம். ஒரே வேகம், நிற்பதில்லை, ஓடுவதில்லை. கூடவே வண்டி உருண்டது, இரண்டு மாதமாகச் சந்து முனையிலிருந்து வீடு வரைக்கும் உருட்டிய அதே உருட்டல். வண்டிகள் வழக்கம்போல் விலகிச் சுற்றிப் போயின. ஒரு மரம் முன்னால் போயிற்று, ஒரு கோழிக்கூண்டு பின்னால் போயிற்று. சாலையின் சரிபாதியில் வந்தபோது கியெமுக்கு ஒன்று உறைத்தது. இவர்கள் விலகுவது என் காலைப் பார்த்தா? இல்லை. நான் எங்கே போகிறேன் என்பதைப் பார்த்து.

காலைத் தூக்கி வண்டி மேல் போட்டார்.

ஏழு வரிசைக்கு நடுவில், ஓடுகிற வண்டியில், ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஏறியதை அன்று அந்தச் சாலையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் அதைவிட வினோதமானவை ஏறி இறங்கும். நடக்கிற வேகத்திலேயே ஓட்டினார். வண்டிகள் சுற்றிக்கொண்டு போயின. பாலத்தில் ஏறினார். நடுப்பாலத்தில், பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்க அடிக்க, ஓரங்கட்டி நின்றார். இடுப்பு வழுக்கிக் கம்பியில் இடித்தது. இந்த முறை அவர் தன்னைக் குறை சொல்லிக்கொள்ளவில்லை.

கயிறு கட்டிய வாளி ஒன்றை யாரோ நீட்டினார்கள். மீனை அதில் விட்டு, பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, கயிற்றை மெல்ல இறக்கினார். செந்நிற நீரில் வாளி சாய்ந்தது. மீன் உடனே போகவில்லை. ஒரு வட்டம் போட்டது. இவ்வளவு தூரம் கைப்பிடியில் தொங்கி வந்தவர்களுக்கு இறங்கியதும் தலை சுற்றும்தானே. பிறகு வாலை ஒரு அடி அடித்து மறைந்தது. மணி பதினொன்று ஐம்பத்துநான்கு.

வீடு திரும்பும்போது சந்திப்பில் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பினார். தாம் அக்கா கடைவாசலில் எழுந்து நின்று பார்த்தாள். அவர் நடந்து வரவில்லை, உட்கார்ந்து வந்தார்.

லுவா காலை ஒரு தலையணை மேல் தூக்கி வைத்துக் காத்திருந்தாள். மீன் உயிரோடு போனதா என்று முதலில் கேட்டாள். எப்படிப் போனது, வட்டம் போட்டதா, எந்தப் பக்கம் பார்த்தது என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டாள். கியெம் பெட்டியிலிருந்து துண்டை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இந்தத் துண்டு வெயிலுக்கு இல்லதான?"

"இல்ல."

"எத்தனை வருஷமா?"

"நீங்க அந்தச் சீட்டு தைச்ச நாள்லேருந்து. அது இல்லாம பிரேக் பிடிச்சா வயிறு கம்பியில போய் இடிக்கும்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னவங்களோட இடுப்பையெல்லாம் நீங்க பாத்த பார்வைய நானும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

லுவா துண்டை எடுத்து நிதானமாக நான்காக மடித்தாள்.

"ரெண்டு மாசமா மேற்கு ஏரி வரைக்கும் போயிட்டு வந்தீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஓட்டியிருந்தாக்கூட, இது எதுக்குன்னு அன்னிக்கே கேட்டிருப்பீங்க."

அறையில் படையல் சோற்றின் மணம் மட்டும் இருந்தது. மாடம் காலியாக இருந்தது. ஒப்பிக்க வேண்டியவர்கள் போயாயிற்று.

"அப்புறம் எதுக்குச் சாவியக் குடுத்த?" என்று கேட்டார் கியெம்.

"வேற யாரு இருக்கா வீட்டுல? கோழிய எடுங்க, பசிக்குது."

சாப்பிட்டதும் கியெம் வண்டியிலிருந்து சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். பதினெட்டு வருஷத்துத் தையலைப் பிளேடால் பிரித்தார். முன்பாதியின் பஞ்சைப் பார்த்தார். சரிவு முன்னோக்கி இருந்தது, பின்னால் உட்காருகிறவர் யாரும் நசுங்கக் கூடாது என்று அவர் பார்த்துப் பார்த்து வைத்த சரிவு. அதைத் தட்டையாகச் செதுக்கி, நுனியில் ஒரு விரற்கடை உயர்த்தினார். தைத்தார். முன்னால் உட்கார்ந்து பார்த்தார். பிரித்தார். மறுபடி தைத்தார்.

புது வருஷம் பிறந்து கடை திறந்த அன்று வாசலில் ஓர் அட்டை தொங்கியது. இதுவரை இங்கே தைத்த சீட்டுகளின் முன்பாதி இலவசமாகத் திருத்தித் தரப்படும் என்று எழுதியிருந்தது. காரணம் எழுதவில்லை. தாம் அக்கா முதல் ஆளாக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"என் இடுப்பு சரியாயிடுச்சா?" என்று கேட்டாள்.

கியெம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. "எறங்குக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிளேடைத் தேடினார்.